கூரை வழியே இறங்கும் வெயில்: திருத்தணி வட்டாரத்து வீடுகள்

திருத்தணியில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை எந்தக் காலத்திலும் எழுந்ததில்லை. மார்கழி, தை மாத விடியற்காலைக் குளிருக்கு ஒரு கம்பளி போதும். வெயிலுக்குத்தான் அப்படி எளிய வழி கிடையாது. மாசி கழிந்ததும் தொடங்கி ஆடி வரை நீளும் வெப்பத்தில் குடியிருக்கத் தக்க வீட்டைக் கட்டுவது எப்படி என்பதே இந்த வட்டாரத்துக் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாக எதிர்கொண்ட கேள்வி. அவர்கள் கண்ட விடைகள் ஏறக்குறைய எல்லாமே கூரையைப் பற்றியவை.

அதற்குக் காரணம் ஊரின் இருப்பிடம். திருத்தணி சென்னைக்கு வடமேற்கே சுமார் 85 கிலோமீட்டர் உள்ளே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. கோடையில் சென்னையில் நண்பகலை ஒட்டியே வீசத் தொடங்கும் கடல்காற்று இங்கே வந்து சேர மாலையாகிவிடும். பல நாட்களில் அதற்குள் வலுவிழந்துவிடும். சுற்றிலும் பாறைக் குன்றுகள். பகலில் வாங்கிய சூட்டை அவை இரவில் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கின்றன. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர்கள் என்று வானிலை மையம் கோடையில் வெளியிடும் பட்டியலில் வேலூருக்குப் பக்கத்தில் திருத்தணியின் பெயரும் அடிக்கடி இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது.

ஊர் 13 பாகை வட அட்சரேகையைச் சற்றுத் தாண்டி அமைந்திருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் இங்கே சரியாகத் தலைக்கு மேல் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சியிலிருந்து வடக்கே சிறிதளவே விலகுகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் நண்பகல் வெயில் சுவர்மீது சாய்வாக மட்டுமே படும். தெற்குச் சுவரில் படவே படாது. கிழக்குச் சுவருக்குக் காலையிலும் மேற்குச் சுவருக்கு மாலையிலும் ஒரு பங்கு போக, மீதி அத்தனையையும் வாங்குவது கூரைதான். ஒற்றைத் தள வீடுகளே மிகுந்த ஊரில் வீடு குளிர்வதும் கொதிப்பதும் கூரை எதனால் ஆனது என்பதைப் பொறுத்தே அமைந்தது.

மிகப் பழையதும் மிக மலிவானதும் வேய்ந்த கூரை. பனையோலை எங்கும் கிடைத்தது. கரும்பு விளையும் பக்கத்துக் கிராமங்களில் சோகை கிடைத்தது. ஓலையோ சோகையோ அடர்த்தியாக அடுக்கப்படும்போது நடுவில் காற்று சிறைப்படுகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கையகலத் தடிமனில் வேய்ந்து, இடுப்பளவுக்கு இறக்கிவிட்ட கூரைக்கு அடியில் மண்சுவரும் நிழலிலேயே இருந்துவிடும். சாணம் மெழுகிய தரை காலுக்குத் தண்ணென்று இருக்கும். குளிர்ச்சியை மட்டும் வைத்துப் பார்த்தால், பின்னால் வந்த எந்தக் கூரையும் இதை எளிதாக மிஞ்சிவிடவில்லை. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும்; மழையில் ஒழுகும்; அடுப்புப் பொறி ஒன்று பறந்தால் தெருவே எரிந்து சாம்பலாகும். கூரை வீட்டில் வாழ்ந்தவர்கள் அதை விட்டு வெளியேற விரும்பியதற்கு வெப்பம் காரணமல்ல. நெருப்பும், மழையும், வறுமையின் அடையாளம் என்ற இழிவுமே காரணங்கள்.

கையில் சற்றுப் பணம் சேர்ந்தவர்கள் நாட்டு ஓட்டுக்கு மாறினார்கள். குயவர் சக்கரத்தில் வனைந்து பாதியாகப் பிளந்து சுட்ட அரைவட்ட ஓடுகள் அவை. பனஞ்சட்டங்களின் மேல் மூங்கிலைப் பரப்பி, ஒரு வரிசையை மல்லாத்தியும் அடுத்த வரிசையைக் கவிழ்த்தும் அடுக்குவார்கள். இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே காற்று நிற்கும்; மேலே எழும் சூடான காற்று ஓடுகளின் இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். எரியாது என்பது பெரிய லாபம். ஆனால் ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓடு மாற்றியாக வேண்டும். குரங்குகள் நடமாடும் மலைக்கோயில் ஊர்களில் ஓடு சரிவதும் உடைவதும் ஓயாத தொல்லை.

வடமேற்கே மலைகளைத் தாண்டினால் ராயலசீமை. அங்கே தடித்த மண் பரப்பிய தட்டைக் கூரை வீடுகள், தெலுங்கில் மித்தெ எனப்படுபவை, நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்தன. மண்ணின் கனம் பகல் வெயிலை மணிக்கணக்கில் தாமதப்படுத்தும். இரவில் மேலே பாய் விரித்துப் படுக்கலாம். மழை குறைந்த அனந்தபுரம் பக்கத்துக்கு அது பொருத்தமான கூரை. திருத்தணி வட்டாரத்திலோ வடகிழக்குப் பருவமழை வலுவானது. ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும். மண்கூரை அதைத் தாங்காது. தட்டையாகவும் இருக்க வேண்டும், கனமாகவும் இருக்க வேண்டும், நீரும் இறங்கக் கூடாது என்ற மூன்று தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றியது சென்னையிலிருந்து உள்நாடு வரை பரவிய மெட்ராஸ் டெரஸ் கூரை. கொத்தனார்கள் அதைக் கட்டைகுத்து ஒட்டு என்பார்கள்.

இந்தக் கூரையின் வேலைமுறை விரிவாகச் சொல்லத் தகுந்தது, ஏனெனில் இன்றைய மொட்டை மாடியின் மேற்பாதி இதிலிருந்து வந்ததுதான். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்களைப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் முட்டுப் பலகை தேவையில்லை. முந்தைய வரிசையில் பிடித்துக்கொண்டே அடுத்த வரிசை நிற்கும். அது காய்ந்ததும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளம் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் போடப்படும். அடுத்துத் தொடங்குவது அடிக்கும் வேலை. சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை இடையிடையே தெளிப்பார்கள். கட்டை பதியாமல் எழும்பித் திரும்பும் வரை அடி நிற்காது. கடைசியில் அதன் மேல் தட்டோடுகளைச் சாந்தில் பதித்து முடிப்பார்கள். மொத்தத் தடிமன் ஏழெட்டு அங்குலம்.

சுட்ட செங்கல்லும் சுண்ணாம்பும் நுண்ணிய துளைகள் நிறைந்தவை. கான்கிரீட்டைவிட வெப்பத்தை மெதுவாகவே கடத்துபவை. நண்பகலில் மேலே விழுந்த சூடு உள்கூரைக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்து வெளிக்காற்று தணிந்துவிடும். மேற்பரப்புக்கு ஆண்டுக்கொருமுறை அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலின் பெரும்பகுதியை அங்கேயே திருப்பி அனுப்பியது. இந்தக் கட்டடக் கலைக்குத் தேவைப்பட்ட சுண்ணாம்பின் ஒரு பங்கைக் கடலோரம் கொடுத்தது: இன்று திருத்தணியைப் போலவே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் பழவேற்காட்டை ஒட்டிய ஏரியின் கிளிஞ்சல்கள் நெடுங்காலம் சுண்ணாம்புக் காளவாய்களுக்குப் போயின.

கூரைக்கு அடுத்தபடி காற்று. தெருவில் திண்ணை, உள்ளே நடை, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் கிணறும் கொல்லையும் என்று வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் திறக்கும் வீடு தொண்டை மண்டலம் முழுவதும் பொது. முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழும்போது, நிழலான நடை வழியாகத் தெருக்காற்று உள்ளே இழுக்கப்படும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருப்பதால் நீண்ட பக்கங்கள் இரண்டிலும் வெயில் படாது. மாலையில் முற்றத்துக் கல்லிலும் திண்ணையிலும் தண்ணீர் தெளிப்பது வெறும் சுத்தத்துக்கான செயல் மட்டுமல்ல. ஆவியாகும் நீர் தரையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பருவத்துக்கு ஏற்ப வீட்டைப் பயன்படுத்தும் பழக்கமும் மிகப் பழையது. சங்க இலக்கியமான நெடுநல்வாடை கூதிர் காலத்தைச் சொல்லும்போது, கோடையில் வீசிய விசிறி சிலந்திவலை படிந்து தொங்குவதையும், மேல்மாடச் சாளரங்கள் அடைக்கப்பட்டிருப்பதையும் காட்டுகிறது.

நெசவாளர் வீடுகள் தனிக் கவனத்துக்கு உரியவை. திருத்தணிக்கு வடமேற்கே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு ஆகியவை தறி ஓசையால் அறியப்பட்ட ஊர்கள். குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. நெய்பவர் காலைக் குழிக்குள் விட்டுத் தரையோடு தரையாக அமர்வார். பருத்தி இழை உலர்ந்தால் அறுந்துவிடும். ஆகவே குழியின் ஈரமும் தடித்த மண்சுவரும் தாழ்ந்த கூரையும் நெசவாளரின் உடம்புக்குத் தேவைப்பட்டதுபோலவே நூலுக்கும் தேவைப்பட்டன. வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது அங்கே தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது. விசைத்தறி வந்தபின் இந்தப் பிணைப்பு அறுந்தது. தகரமும் கல்நார் அட்டையும் வேய்ந்த கொட்டகைகளில், மோட்டார் சூட்டோடு சேர்ந்து, கோடைப் பகல்வேலை கடுமையான உடல்வாதையாக மாறியது.

வெளியூர்ப் பொருள்களைக் கொண்டுவந்தது ரயில். சென்னை இராயபுரத்திலிருந்து 1856-இல் ஓடத் தொடங்கிய பாதை அரக்கோணத்தைத் தொட்டது. அங்கிருந்து ரேணிகுண்டா, கடப்பை வழியாக வடமேற்கே பிரிந்த கிளை திருத்தணியை ஒட்டிச் சென்றது. கரும்பலகைபோல் வழுவழுப்பான கடப்பைக் கல் கிடைக்கும் சுரங்கங்கள் இதே பாதையில்தான் இருக்கின்றன. தரையிலும் திண்ணையிலும் அலமாரித் தட்டிலும் அந்தக் கல் வடதமிழகம் முழுவதும் இடம்பிடித்தது. நிழலில் இருக்கும்வரை அது நிலத்தின் குளிர்ச்சியைக் காலுக்குத் தரும். மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு, நாட்டு ஓட்டின் ஆண்டுச் செலவை ஒழித்தது. ஆனால் அது ஒற்றை அடுக்கு. நாட்டு ஓட்டின் இரட்டை அடுக்கு தந்த குளிர்ச்சி இதில் இல்லை. அடியில் மரப்பலகையோ மச்சோ போட்டவர்கள் மட்டுமே அந்தக் குறையைச் சரிசெய்தார்கள்.

அதே காலத்தில் சென்னையின் செல்வர்கள் குளிர்ச்சியைப் பணம் கொடுத்து வாங்கினார்கள். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ், பின்னர் விவேகானந்தர் தங்கியதால் விவேகானந்தர் இல்லமாக இன்றும் நிற்கிறது. பங்களாக்களில் கயிறு இழுத்து ஆட்டும் பங்கா தொங்கியது. அதை இழுத்தவர் வெளியே புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலில் நனைத்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டி மட்டுமே திருத்தணிக்கும் பயன்படக் கூடியதாக இருந்தது. சொல்லப்போனால் சென்னையைவிட இங்கேதான் அதற்கு வேலை அதிகம். காற்றில் ஈரம் குறைந்த சித்திரைப் பிற்பகலில் நீர் விரைவாக ஆவியாகும். கடலோரத்துப் புழுக்கத்தில் ஆகாது. இன்று இங்குள்ள வீடுகளில் ஓடும் ஏர் கூலர் அந்தத் தட்டிக்கு மோட்டார் பூட்டிய வடிவம்தான். சித்திரை, வைகாசியில் அது நன்றாக உழைக்கும், ஐப்பசியில் புழுக்கத்தைக் கூட்டவே செய்யும்.

சிமென்ட் செய்யும் முயற்சி சென்னையிலேயே 1904-இல் நடந்தது என்றாலும், கம்பி கட்டிய கான்கிரீட் தளம் சிற்றூர்களுக்கு வந்து நிலைத்தது விடுதலைக்குப் பின்னர்தான். திருத்தணியின் நிர்வாகமும் அந்த ஆண்டுகளில் கை மாறிக்கொண்டிருந்தது. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு போனது, ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், எல்லைத் தகராற்றின் நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கட்டுமானம் ஒரே திசையில்தான் போனது. தேக்கு விலை ஏறியது; சுண்ணாம்பு அரைக்கும் செக்கும் தளம் அடிக்கும் சித்தாள் குழுவும் அருகின. நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளத்தை ஒரே நாளில் போட்டுவிடலாம். எரியாது, ஒழுகாது, மேலே இன்னொரு மாடி எழுப்பலாம். ஏழைக்கும் எட்டியது என்பதுதான் அதன் பெரிய சிறப்பு.

வெப்பத்தில் மட்டும் அது தோற்றது. சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வேறுபாட்டில் எத்தனை வாட் உள்ளே கடக்கிறது என்பதே கூரையை அளக்கும் கணக்கு. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3 வாட்டுக்கு மேல். பிற்பகலில் மேலே கொதித்த தளம் மாலையில் உள்ளே அனல் வீசத் தொடங்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் அறை குளிராது. இதை உணர்ந்த பொதுப்பணித் துறையும் நல்ல கொத்தனார்களும் கான்கிரீட்டின் மேல் பழைய சுருக்கித் தளத்தையும் தட்டோட்டையும் விடாமல் போட்டார்கள். மெட்ராஸ் டெரஸின் கீழ்ப்பாதி கான்கிரீட்டாக மாறி, மேற்பாதி அப்படியே தங்கியது. ஆனால் அந்த மேற்பாதிக்குத் தனிச் செலவு உண்டு. பணம் தீர்ந்த வீடுகளில் முதலில் கைவிடப்பட்டது அதுதான்.

கூரை விட்ட குறையை மின்விசிறி ஈடுகட்டியது. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. உடம்பின் வியர்வையை ஆவியாக்குகிறது. தளமே அனலாக இருக்கும் இரவில் அது அந்த அனலையே கீழே தள்ளும். 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர் வழங்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில். 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் வீடுகளுக்கு இலவசமானது. ஏழை வீட்டுக்குக் காற்று கிடைத்தது பெரிய நன்மை, அதில் ஐயமில்லை.

குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டங்களும் இதே காலத்தவை. 2010-இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 லட்சம் குடிசைகளை மாற்ற இலக்கு வைத்தது. 2011-இல் வந்த பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடியில், சூரிய மின்விளக்குகளோடு வீடு கட்டித் தந்தது. நெருப்புக்கும் மழைக்கும் அஞ்சாமல் உறங்கும் உரிமையை இவை பல லட்சம் குடும்பங்களுக்குக் கொடுத்தன. அதே வேளையில், தடித்த ஓலைக்கு அடியில் இருந்தவர்களை மேல்தளம் இல்லாத மெல்லிய கான்கிரீட்டுக்கு அடியில் குடியேற்றின என்பதும் உண்மை. சிறிய வீடு, ஒன்றிரண்டு சன்னல், முற்றம் இல்லை, திண்ணை இல்லை. வீட்டின் பரப்பையும் செலவையும் கணக்கிட்ட திட்ட வரைவுகள் வைகாசி மாத இரவு ஒன்பது மணிக்கு அறைக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்பதையும் கணக்கிட்டிருக்க வேண்டும்.

வசதி உள்ளவர்கள் ஏசிக்குப் போனார்கள். மொட்டைக் கான்கிரீட்டுக்கு அடியில் ஓடும் ஏசி, கூரை வழியே இறங்கும் வெப்பத்தை வெளியே இறைப்பதிலேயே மின்சாரத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டதில் இப்படி ஓடிய ஏசிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கருவிகளைச் சீர்திருத்தும் வேலை முறையாகவே நடந்திருக்கிறது. எரிசக்தி சிக்கன அமைப்பு 2006-இல் நட்சத்திரக் குறியீட்டைக் கொண்டுவந்தது. 2010-இல் ஏசிக்கும் 2023-இல் கூரை மின்விசிறிக்கும் அது கட்டாயமானது. 2020 முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது அந்த அமைப்பின் கணக்கு. 75 வாட் இழுத்த விசிறியின் இடத்தில் 30 வாட் அளவில் சுழலும் பிஎல்டிசி விசிறி வந்திருக்கிறது.

கூரைக்கான விதி தாமதமாகவே வந்தது. 2018 டிசம்பரில் வெளியான 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பு குடியிருப்புக் கூரை வழியே கடக்கும் வெப்பத்துக்கு 1.2 வாட் என்ற உச்சவரம்பை வைத்தது. மொட்டைத் தளத்தின் அளவில் அது பாதிக்கும் குறைவு. ஆனால் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே அது பொருந்தும் என்று வகுக்கப்பட்டதால், திருத்தணி போன்ற ஊர்களின் வீடுகள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. இவற்றில் மாற்றம் கொத்தனாரும் கடைக்காரரும் சொல்லும் வழியில்தான் நடக்கிறது: வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ், வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு, மாடியில் பச்சை வலைப் பந்தல், தொட்டிச் செடிகள். மலைக்கோயில்களில் வெறுங்காலோடு வரும் பக்தர்களுக்காகக் கோடையில் நடைபாதைக் கல்லில் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் வெயிலைத் திருப்பும் இதே முறைதான்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அரசுப் பள்ளிகளின் கூரைகளுக்கு வெப்பம் தடுக்கும் பூச்சு அடிக்கும் திட்டமும் அடுத்து வந்தது. 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்கோடு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் எட்டு லட்சம் வீடுகளைக் கட்ட இருக்கிறது. 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத எந்தக் கூரையையும் பயனாளி தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம். அந்த 60 சதுர அடியில் இரட்டை அடுக்கு ஓடு வேய்ந்த திண்ணை ஒன்று அமையவும், 300 சதுர அடியின் மேல் சுருக்கித் தளமோ வெள்ளைப் பூச்சோ சேரவும் மதிப்பீட்டிலேயே தொகை ஒதுக்கினால், கூரை மாறும் அந்த எட்டு லட்சம் குடும்பங்கள் கோடை இரவில் உறங்க முடியும்.